பெரியவர் அவிழ்த்துக்கொண்டார்

"இந்த வீட்டுல ஒரு குதிரைகூட என் பேச்சைக் கேக்கறதில்ல."

என் கணவர் தங்கிசோ இதைச் சொன்னது சமையல் குடிசையின் வாசலில், ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் சாணியுமாக நின்றுகொண்டு. ஒரு குதிரைகூட என்றால் ஏதோ லாயம் நிறையக் கட்டி வைத்திருப்பதுபோல. இருப்பது ஒன்று. அந்த ஒன்றும் அப்போது எங்களிடம் இல்லை. ஊர்த் தலைவியம்மாவின் சோளக்கொல்லையில், நட்ட நடுவில், காலை ஆகாரத்தில் இருந்தது.

"அவர் கேக்கற மாதிரி நீங்க என்ன பேசினீங்க?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டீங்களா, கத்தினீங்களா?"

"ஓடற குதிரையை அது காதுக்குள்ள போயா கூப்பிடுவாங்க?"

"அவர் நின்னுட்டுதான் இருந்தார். நீங்க கூப்பிட்டதும்தான் ஓடினார்."

குதிரைக்கு எதற்கு இத்தனை 'ஆர்' என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மலைநாட்டில் வாழும் எங்கள் பசோத்தோ மக்களின் வழக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது. பெயரை மட்டுமில்லை, அந்தப் பெயர் எந்தப் பொருளுக்குப் பெயரோ அந்தச் சொல்லையும். என் மாமனாரின் பெயரோ, தினமும் காலையில் மலுட்டி மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து, நாளெல்லாம் தலைக்குமேல் காய்ந்துவிட்டு, மாலையில் இறங்கிப் போகிறதே, அதன் பெயர். கல்யாணமான நாளிலிருந்து நான் அதை 'மேலே காய்கிறது' என்றுதான் சொல்லிவருகிறேன். துணி உலர்த்துவதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எனக்குப் பாதிக் காலை போய்விடும். மாமனார் நல்ல மனிதர். காலமாகி வெகு நாளாயிற்று. பெயர் மட்டும் தவறாமல் எழுந்து வந்துகொண்டிருக்கிறது.

எங்களிடம் முன்பு இருந்த குதிரையை நான் திட்டியே விற்க வைத்துவிட்டேன் என்பது என் கணவரின் கட்சி. அது ஒரு சோம்பேறி. மாவு மில்லுக்குப் போகும் வழியில் நின்று தூங்கும். திட்டாமல் என்ன செய்வது, தாலாட்டா பாடுவது? அதற்குப் பிறகு இந்தச் செம்பழுப்புக் குதிரை வந்தது. வந்த அன்றே என் கணவர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, கம்பளியைத் தோளில் சரிசெய்துகொண்டு, கண் கலங்க, "எங்கப்பா ஞாபகமா" என்று சொல்லி அவர் பெயரையே குதிரைக்கு வைத்துவிட்டார். எல்லாரும் உருகினார்கள். நானும் கொஞ்சம் உருகினேன். அன்று சாயங்காலம் சாராயக் குடிசையில் அவர் சொன்னதை அடுத்த வீட்டு மாநேயோ வந்து சொன்ன பிறகுதான் உறைந்தேன்.

"'இப்பத் திட்டச் சொல்லு அவளை'ன்னு சொல்லிச் சிரிச்சாராம். 'பேரே சொல்ல முடியாதவ எப்படித் திட்டுவா? கூப்பிடக்கூட முடியாது. இந்தக் குதிரை முழுசா என்னோடது'ன்னாராம்."

கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். லத்தீனில் பாடத் தெரியும். பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்கத் தெரியும். ஒரு குதிரையைப் பெயர் சொல்லி அதட்ட முடியவில்லை.

சரி என்று 'பெரியவர்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். மாமனார் பெயரைச் சுமப்பவரை ஒருமையில் பேச முடியுமா? பெரியவர் என் கீரைப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டார். பெரியவர் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு என் உள்பாவாடையோடு கோயில் பக்கம் போய்விட்டார். இதை மதில்மேலாக முதல்முறை கேட்ட மாநேயோ சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகள் இருவர். மூத்தவள் லிபுவோ. எங்கள் மொழியில் பேச்சு என்று அர்த்தம். அவள் பிறந்த நாளிலிருந்து நான் மாலிபுவோ, அதாவது பேச்சுக்கு அம்மா. ஊரே ஒத்துக்கொண்ட பொருத்தம் அது. இளையவன் மொஹாபி, இன்னும் பால்பல் விழுந்து முடியவில்லை. பேரப்பிள்ளைகளும் தாத்தா பெயரைச் சொல்ல மாட்டார்கள் இல்லையா, அதனால் அவர்களுக்குக் குதிரை 'தாத்தா'. "தாத்தா மேல ஏறி விளையாடப் போறோம்மா" என்பார்கள். பெயரைப் பெயராகச் சொல்பவர் வீட்டில் ஒரே ஒருவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் நல்லவர். சுமை தூக்குவார், பிள்ளைகளைக் கடிக்க மாட்டார். ஆனால் பயந்த சுபாவம். போன ஆலங்கட்டி மழையில் மாநேயோ வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பறந்து வந்து அவர் பக்கத்தில் விழுந்தது. அன்றிலிருந்து எது படபடத்தாலும், எது தடாலென்று விழுந்தாலும், தலைக்கயிற்றை உருவிக்கொண்டு ஓட்டம். அதுவும் பெரும்பாலும் ஆண்கள் எல்லாரும் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைக்குப் போன பிறகுதான் ஓடுவார். ஊரில் நாங்களும் பிள்ளைகளும் கோழிகளும்தான் இருப்போம்.

சோளக்கொல்லை விஷயத்துக்குப் பிறகு தலைவியம்மா நேரில் வந்துவிட்டார். நல்ல பெண்மணி. கத்த மாட்டார், அதுதான் பயம்.

"தங்கிசோ, உன் அப்பா பேரைத் தாங்கற குதிரை. அதனால மரியாதையாவே சொல்றேன்" என்றார். பெயரையும் சொன்னார், அவருக்குத் தடையில்லை. "இது அவுத்துக்கிட்டு ஓடறப்ப ஊர்ல இருக்கறது பிள்ளைங்க. எதுக்க போய் விழுந்து ஒண்ணு மிதிபட்டா யார் பதில் சொல்றது? உன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதைப் பத்திரமாப் பிடிக்கக் கத்துக்கொடு. மாதா திருநாளுக்கு மறுநாள் வந்து பார்ப்பேன். தெரியலன்னா, இது மலைமேல மேய்ப்பனுங்ககிட்டப் போயிடணும்."

மொஹாபி என் பாவாடைக்குப் பின்னால் போய் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தான். அவனுக்குத் தெரியும். மலைமேய்ச்சலுக்குப் போகிற குதிரை திரும்பி வரும்போது வேறு யாருடைய குதிரையோபோல வரும், வந்தால். எனக்கும் ஒன்று தெரியும். பெரியவர் போனால் மில்லுக்கு மூட்டை போவது என் தலைமேல்.

"பிள்ளைங்களுக்கு நான் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டேன். நியாயமாகத்தான் கேட்டேன்.

கணவர் சிரித்தார். "நீயா? பேரே சொல்ல முடியாது உன்னால. மருமக பட்டிக்குள்ள காலெடுத்து வைக்கவும் கூடாது. கூப்பிடாம, கிட்டயும் போகாம, நீ எப்படிம்மா குதிரை பிடிக்கக் கத்துத் தருவ? தபால்லயா?"

"அதுவும் சரிதான்."

"சரிதான்னு சொல்ற தொனியே சரியில்லையே."

"சரிதான்னு சொன்னா சரியில்லங்கறீங்க, வேற எப்படிச் சொல்றது?"

மாநேயோ மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டில் அடுப்பு எரிவதே இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். கூட்டத்தைப் பார்த்ததும் என் கணவருக்கு வீரம் வந்துவிட்டது.

"மாநேயோ, நீயே சாட்சி. தலைவியம்மா வர்ற அன்னிக்கு என் குதிரை எனக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது போய் நின்னுதுன்னா, ரோமக் கத்தரிப்பு முடியற வரைக்கும் இந்த வீட்டுல களி கிண்டறது நான்."

"களி மட்டுமா, கீரையுமாண்ணே?"

"கீரையும்."

"கேட்டுக்கிட்டேன்" என்றாள் மாநேயோ. அவள் ஒன்றைக் கேட்டுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குள் பாதிரியாருக்கும் தெரிந்துவிடும்.

பாடம் மறுநாளே தொடங்கியது. பட்டியின் கல்மதிலுக்கு வெளியே நான் பீன்ஸ் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் கணவர், பெரிய கம்பளியைப் போர்த்தி, கையில் தடியோடு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தார். இரண்டு பேரை எப்படி வரிசையாக நிறுத்துவது என்று கேட்காதீர்கள், நிறுத்தினார்.

"குதிரைக்கு முதல்ல யார் எஜமான்னு தெரியணும். நேரா எதுக்கப் போ. கண்ணுக்குள்ள பாரு. கையை ரெண்டு பக்கமும் விரி. பேரைச் சொல்லிக் கத்து. ஓடினா குறுக்கால ஓடி மறி."

"அப்பா, தாத்தா பேரை நாங்க எப்படிக் கத்தறது?" என்றாள் லிபுவோ.

அவர் யோசித்தார். "நான் கத்தறேன். நீங்க ஓடுங்க."

கத்தினார். கம்பளி காற்றில் படார் என்று விரிந்தது. பெரியவர் காதை மடக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மொஹாபி. ஓடினான். குறுக்கால ஓடத் தெரியாமல் பின்னாலிருந்து ஓடினான். பின்னங்குளம்பு ஒன்று எழுந்தது. அவன் தலையிலிருந்த கம்பளித் தொப்பி மதிலைத் தாண்டி வந்து என் பீன்ஸ் கூடையில் விழுந்தது.

பிள்ளை சாணியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "பாத்தியா, வீரன்" என்றார் அவன் அப்பா. நான் தொப்பியை எடுத்துத் தட்டினேன். குளம்பு இன்னும் ஒரு சாண் கீழே வந்திருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். பிறகு பீன்ஸை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் ஜெபமாலையைத் தேடினேன்.

எங்கள் பள்ளியில் சிஸ்டர் க்ளோதில்ட் என்று ஒருவர் இருந்தார். மலையூர்களுக்கு மருந்து கொண்டுபோக ஒரு குதிரை வைத்திருந்தார். சாம்பல் நிறம், தன் நிழலைப் பார்த்தே மிரளும். வாரத்தில் பாதி நாள் அது மடத்துத் தோட்டத்தில் அவிழ்ந்து திரியும். பிடிப்பது மாணவிகளான எங்கள் வேலை. ஓடினால் அடி. கத்தினால் அடி. ஜெபமாலை மணி ஒன்றுக்கு ஓர் அடி எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். குதிரை தலையைத் தூக்கினால் அந்த மணியிலேயே நின்றுவிட வேண்டும். 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் குரலுக்கு மேல் குரல் எழக்கூடாது. பொறுமை என்று ஒரு குணம் எனக்கு வாழ்க்கையில் கொஞ்ச நேரமாவது இருந்தது என்றால் அது அந்தத் தோட்டத்தில்தான். வெளியே வந்ததும் விட்டுவிட்டேன்.

கணவர் கொட்டகையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பள்ளி விட்டு வந்த பிள்ளைகளை மதிலோரம் உட்கார வைத்தேன். நான் வெளியே, அவர்கள் உள்ளே. வழக்கத்தை நான் மீறவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பேசக்கூடாது என்று எந்த முன்னோரும் சொல்லவில்லை. ஞானோபதேசம் சொல்லித் தருவதுபோல வினாவும் விடையுமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கத் தெரியாது.

"குதிரை அவிழ்த்துக்கொண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?"

"நிற்க வேண்டும்."

"ஏன் ஓடக்கூடாது?"

"அதுக்கு நாலு கால். நமக்கு ரெண்டு."

"ஒழுங்காச் சொல்லு."

"தாத்தாவுக்கு நாலு கால்."

"நின்ற பிறகு?"

"வாசப்படலைச் சத்தமில்லாம சாத்தணும். பெரியவங்க யாராவது இருந்தா கூப்பிடணும். தனியாப் போகக்கூடாது."

"எந்தப் பக்கமாகப் போக வேண்டும்?"

"நேரா எதுக்கயும் கூடாது, நேர் பின்னாலயும் கூடாது. தோள் பக்கமா, சாய்வா. அப்பத்தான் நம்மளைப் பார்க்க முடியும்."

"மூலையில் மடக்கலாமா?"

"கூடாது. வெளிய போக வழி இல்லன்னா மேல ஏறித்தான் போகும்."

"போவார்."

"போவார்" என்றான் மொஹாபி. பிறகு, "அம்மா, நம்மளப் பார்த்தே ஓடி வந்தா?"

"அப்ப நீ வீரன் இல்ல. மதிலுக்குப் பின்னால போயிடு. பிடிக்கவே பிடிக்காத. குதிரை இன்னொரு நாளைக்குக் கிடைக்கும்."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும் என்பதை லிபுவோ சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். கண்ணை முறைத்துப் பார்க்காமல் மண்ணைப் பார்த்து நடப்பதுதான் அவளுக்குக் கஷ்டம். என் மகள் ஆயிற்றே, யாரைப் பார்த்தாலும் முறைப்பாள்.

கூப்பிடுவதற்கு என்ன செய்வது என்பதைப் பெரியவரே சொல்லிக்கொடுத்துவிட்டார். மத்தியானம் களிச்சட்டியின் காந்தலைத் துடுப்பால் சுரண்டிக் கோழிக்குப் போடுவது என் வழக்கம். ஒரு நாள் சுரண்டிக்கொண்டிருக்கிறேன், மதில்மேல் ஒரு தலை. காதுகள் முன்னால். உப்பு தூவிய காந்தலை ஒரு துண்டு நீட்டினேன். முத்தமிடுவதுபோல உதட்டால் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் சுரண்டினேன், பட்டியின் அந்தக் கோடியிலிருந்து வந்தார். அதற்கடுத்த வாரம் மொஹாபி சுரண்டினான், மேய்ச்சலிலிருந்தே வந்தார்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அவர் பெயரை இந்த வீட்டில் ஒரே ஆள்தான் சொல்கிறார். அந்த ஆளும் கையை விரித்துக்கொண்டு, கம்பளி படபடக்க, மேலே பாய வரும்போதுதான் சொல்கிறார். நான் சொல்வதில்லை, பிள்ளைகள் சொல்வதில்லை. ஆக அந்தச் சத்தம் பெரியவருக்குப் பெயரே இல்லை. ஓடு என்று அர்த்தம்.

இதை என் கணவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

சாயங்காலங்களில் அவர் பிள்ளைகளை விசாரிப்பார்.

"இன்னிக்குப் பயிற்சி பண்ணீங்களா?"

"பண்ணோம்பா."

"என்ன பண்ணீங்க?"

"சும்மா நின்னோம்."

"அப்புறம்?"

"ஜெபம் சொன்னோம்."

"ஜெபத்துல குதிரை பிடிக்கிறதா? எல்லாம் உங்கம்மா வளர்ப்பு" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கவளம் களி எடுத்துக்கொள்வார். "களி நல்லா இருக்கு இன்னிக்கு" என்பார். சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள் என்று நானும் போடுவேன்.

மாதா திருநாளுக்கு மறுநாள் தலைவியம்மா வந்தார். அவர் வருகிறார் என்றதும் ஊரே வந்தது. பீச் மரத்தடியில் நாற்காலி போட்டோம். மாநேயோ தன் நாற்காலியைத் தானே தூக்கிவந்து தலைவியம்மாவுக்கு ஓர் அடி பின்னால் போட்டுக்கொண்டாள். சாட்சி என்றால் பார்வை மறைக்கக்கூடாதாம்.

என் கணவரைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்துக்கு வாங்கிய கம்பளி. கூம்புப் புல்தொப்பி. புதிதாகச் சீவிய தடி. வெளி முற்றத்தில் பெரியவரை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பெரியவர் ஒரு பக்கமாக நின்று, வந்த கூட்டத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மலையிலிருந்து காற்று வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளைங்களுக்கு முன்னாடி நான் ஒரு தடவை செஞ்சு காட்டறேன்" என்றார் கணவர் எல்லாரையும் பார்த்து. "பாத்துக்கங்க. முக்கியமானது குரல்."

கையை விரித்தார். பெயரைச் சொன்னார். என் மாமனாரின் பெயர் மலையில் மோதித் திரும்பி வந்தது. கிழவர்கள் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

பெரியவருக்கு வேறென்ன வேண்டும். கிளம்பிவிட்டார்.

கணவர் குறுக்கே ஓடினார். கம்பளி பறந்து முகத்தை மூடியது. கம்பளிக்குள்ளிருந்தும் பெயரைச் சொன்னார். பெரியவர் இன்னும் வேகமாகப் போனார். "இந்தப் பக்கம் மறிங்கண்ணே," "தடியைக் கீழ போடுங்க," "தடியை விடாதீங்க" என்று ஊரே யோசனை சொன்னது. ஒவ்வொரு யோசனைக்கும் பெரியவர் ஒரு சுற்று கூடுதலாக ஓடினார். தொப்பி விழுந்தது. பெரியவர் அதைத் தாண்டினார். கணவர் தாண்டவில்லை, அதன்மேலேயே விழுந்தார். கடைசியில் பெரியவர் கற்றாழை வேலியோரம் போய் நுரை தள்ள நின்றுகொண்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தார்.

தலைவியம்மா எழுந்தார். "பார்த்தாச்சு. மேய்ப்பனுங்க நாளைக்கு மலைக்குக் கிளம்பறாங்க, கூடவே—"

"தலைவியம்மா, நாங்க இன்னும் செய்யல" என்றாள் லிபுவோ.

குரல் உயர்த்தாமல்தான் சொன்னாள். அந்தக் குரல் என்னிடமிருந்து வரவில்லை, சிஸ்டர் க்ளோதில்டிடமிருந்து வந்தது.

"சரி, செய்."

"எல்லாரும் உட்காருங்க. பேசாதீங்க. கம்பளியை மடியில வச்சுப் பிடிச்சுக்கங்க, பறக்கக் கூடாது." தலைவியம்மா உட்பட எல்லாரும் உட்கார்ந்தார்கள். "அப்பா, நீங்களும்."

"நான் எதுக்கு? நான்தானே—"

"அப்பா."

உட்கார்ந்தார். நசுங்கிய தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

மொஹாபி நடந்து போய், ஓடாமல், படலைச் சாத்தினான். பிறகு நடந்தே சமையல் குடிசைப் பக்கம் வந்து என் பக்கத்தில் நின்றான். லிபுவோ கயிற்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணைப் பார்த்தபடி, பெரியவரின் தோள் பக்கமாகச் சாய்வாக நடந்தாள். உதடு அசைந்தது. ஒரு மணி, ஓர் அடி. பெரியவர் தலையைத் தூக்கினார். அவள் நின்றாள். ஊரில் ஒரு கோழிகூடக் கூவவில்லை. பயந்த குதிரைக்கும் என் மகளுக்கும் நடுவில் வெறும் காற்றுதான் இருந்தது, அந்தக் காற்றை நான் பிடித்துவைக்க முடியாது.

பெரியவர் பெருமூச்சு விட்டார். நாக்கைச் சப்புக்கொட்டினார். தலை கொஞ்சம் தாழ்ந்தது. அவள் அடுத்த மணிக்குப் போனாள்.

"இப்ப" என்றேன். மொஹாபி துடுப்பை எடுத்துச் சட்டியைச் சுரண்டினான். சரக், சரக்.

காதுகள் முன்னால் வந்தன. பெரியவர் லிபுவோவை நோக்கி நடந்தார், அவளைத் தாண்டியிருந்த சட்டியை நோக்கித்தான் என்றாலும். வழியில் அவள் நின்றிருந்தாள். கழுத்தின்மேல் கயிற்றைப் போட்டாள். தோளைத் தடவினாள். சிறிது நேரம் இருவரும் சும்மா நின்றார்கள். பிறகு வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வருவதுபோல.

யாரும் கை தட்டவில்லை. தட்டக்கூடாது என்று பார்வையாலேயே சொல்லிவிட்டாள் என் மகள். முறைக்கும் கண் ஒரு நாள் உபயோகப்பட்டது.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று தலைவியம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்.

அப்பா பெயரைச் சொல் என்றுதான் நான் சொல்லிவைத்திருந்தேன். வீட்டுக்காரரின் மானம் வீட்டின் மானம். லிபுவோவும் தட்டாமல் சொன்னாள்.

"அப்பாதான், தலைவியம்மா. அப்பா என்னென்ன செஞ்சாரோ அதெல்லாம் செய்யாம இருந்தோம்."

தலைவியம்மா கம்பளி நுனியால் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே, "குதிரை இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு என் கணவரிடம், "பிள்ளைங்களை நல்லா வளர்த்திருக்கே, தங்கிசோ. ஆனா களி விஷயமா ஏதோ கேள்விப்பட்டேனே" என்றார்.

மாநேயோ எழுந்து நின்றாள். "கீரையும்" என்றாள்.

மறுநாள் கொட்டகையிலிருந்து வந்ததும் என் கணவர் சமையல் குடிசைக்குள் போனார். நான் மதிலோரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் எப்படி இருக்கும் என்று பார்த்தே வெகு காலமாயிற்று. மேலே காய்கிறது மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து புகை வந்தது. பிறகு இருமல். பிறகு, "தண்ணி முதல்லயா, மாவு முதல்லயா?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பதில் சொன்னேன், நான் கல்நெஞ்சக்காரி இல்லை. பிறகு கட்டி தட்டியதை அடித்து உடைக்கும் சத்தம். பிறகு தீய்ந்த வாசனை. அதற்குப் பிறகு, அடியில் பிடித்துக்கொண்டதைத் துடுப்பால் சுரண்டும் சத்தம்.

சரக், சரக்.

பட்டிப் படலை நான் சாத்தவில்லையோ என்னவோ. பெரியவர் எங்களைக் கடந்து போனார். அவசரமில்லாமல், தன் வீட்டுக்குப் போகிறவர்போல. குடிசை வாசலில் தலையை நுழைத்தார். கழுத்தை நுழைத்தார். தோளையும் நுழைத்தார். உள்ளே துடுப்பு நின்றது.

என் கணவர் வாயைத் திறப்பது தெரிந்தது. பெயர் உதடு வரைக்கும் வந்துவிட்டது. பிறகு, அந்தச் சின்னக் குடிசைக்குள், சட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில், அந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார். கைகளைத் தொங்கவிட்டார். கண்ணைத் தரைக்கு இறக்கினார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாம் சரியாகச் செய்தார்.

"அம்மா, இப்ப நாம என்ன செய்யணும்?" என்று கிசுகிசுத்தான் மொஹாபி.

"பாடத்துல என்ன இருக்கு?"

"அசையாம நிக்கணும். பேசக்கூடாது."

நின்றோம். உள்ளேயிருந்து ஜெபம் சொல்லும் குரலில், ஒரு மணிக்கு ஒரு வார்த்தையாக, என் கணவர் கேட்டது காதில் விழுந்தது.

"மாலிபுவோ... யாராவது வந்து... பெரியவரைக் கொஞ்சம்... வெளியே வரச் சொல்லுங்களேன்."